அட்வான்ஸ் வரும் நாளை அவர்களும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்



2025ஆம் வருடத் தீபாவளி ஒக்டோபர் 20, திங்கட்கிழமை. பிரட்டுக்களத்தில் இப்போது இரண்டு கேள்விதான். அட்வான்ஸ் எவ்வளவு? எப்போது கைக்கு வரும்? நம் பிள்ளைகள் விரல் விட்டு நாள் எண்ணுகிறார்கள். அதே நாளை எண்ணிக்கொண்டு வேறு சிலரும் இருக்கிறார்கள். அவர்கள் பசறையில் இல்லை, பதுளையில் இல்லை, சிலர் இந்த நாட்டிலேயே இல்லை. ஆனால் தோட்டத்து மக்களின் கையில் வருடத்தில் எந்த வாரம் பணம் இருக்கும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

போன வருடம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். தோட்டத்தின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுதான் அந்த அக்கா சொன்னார். இருபத்திரண்டு வருடம் கொழுந்து எடுத்தவர். அட்வான்ஸ் காசு வங்கிக் கணக்கில் விழுந்து இரண்டாம் நாள், மத்தியானம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் ஒரு அழைப்பு. நல்ல தமிழ். மரியாதையான பேச்சு. "அம்மா, பேங்கில இருந்து பேசுறோம். தீபாவளிக்கு முன்னுக்கு உங்க கார்ட்டைப் புதுப்பிக்கணும். இல்லாட்டி லீவு முடியும் வரைக்கும் சல்லி எடுக்க ஏலாது." லீவு முடியும் வரை காசு எடுக்க முடியாது என்றால் யாருக்குத்தான் நெஞ்சு பதறாது? கார்ட்டின் முன்பக்கத்து இலக்கத்தைக் கேட்டான், பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் கேட்டான். பிறகு போனுக்கு ஒரு குறுந்தகவல் வந்தது. அது ஆங்கிலத்தில் இருந்தது. பத்தாம் வகுப்பில் படிக்கும் மகன் பக்கத்தில் இருந்தான். அம்மாவுக்காக அவன்தான் அந்த ஆறு இலக்கத்தையும் வாசித்துச் சொன்னான்.

பதினைந்தாயிரம் ரூபா போனது.

2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. அதில் சேமலாப நிதிக்கு நூற்றுக்கு எட்டு கழித்தால் கையில் மிஞ்சுவது 1,242. பதினைந்தாயிரம் என்பது பன்னிரண்டு நாள் பேர். கணக்கு அதோடு முடிந்தால் பரவாயில்லை. அட்வான்ஸ் என்பது கடன் அல்லவா? திருடன் எடுத்தது ஒரு நிமிடத்தில். ஆனால் தோட்டம் அதை மாதா மாதம் சம்பளச் சீட்டில் கழித்துக்கொண்டே வரும். கார்த்திகை, மார்கழி மழையில் பேர் குறையும் மாதங்களிலும் கழிபடும், ஜனவரியில் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கும் மாதத்திலும் கழிபடும். வாங்காத சேலைக்கும் சுடாத பலகாரத்துக்கும் அந்த வீடு மாதக்கணக்கில் கடன் கட்டியது.

இதைவிட என்னை வருத்தியது வேறொன்று. அந்த அக்கா மூன்று வாரம் யாரிடமும் வாய் திறக்கவில்லை. "லயத்தில சிரிப்பாங்க அண்ணே" என்றார். புருஷனுக்குத் தெரிந்ததே சம்பளச் சீட்டில் கழிவு விழுந்த பிறகுதான். அந்த மூன்று வாரத்துக்குள், கணக்கில் மிஞ்சிக் கிடந்த அஸ்வெசும பணத்திலும் இரண்டாம் முறை கை வைத்துவிட்டார்கள். அன்றைக்கே, கார்ட்டின் பின்புறம் இருக்கும் வங்கி இலக்கத்துக்கு அழைத்து அட்டையை நிறுத்தியிருந்தால் முதலில் போனது திரும்பியிருக்கும் என்று நான் பொய்ச் சத்தியம் செய்யமாட்டேன். இரண்டாவது போயிருக்காது. மகனோ, தான் வாசித்துக் கொடுத்ததால்தான் காசு போனது என்று அந்தத் தீபாவளிக்குப் புது உடுப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம்.

சிரிப்பார்கள் என்ற அந்தப் பயத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். தோட்டத்து ஆட்கள் படிக்காதவர்கள், அதனால் ஏமாறுகிறார்கள் என்று டவுனில் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நம்மில் சிலரும் அதை நம்புகிறோம். 2008ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் செப்டெம்பரில் நுகேகொடையில் ஆங்கிலம் கற்பித்துப் பேர் வாங்கிய சக்வித்தி ரணசிங்க என்பவர் மக்கள் வைத்த பணத்தோடு தலைமறைவானார். டிசம்பரில் கோல்டன் கீ நிறுவனம் விழுந்தது. ஆயிரக்கணக்கான பேர் வைத்த 2,600 கோடி ரூபா அளவிலான வைப்புப் பணம் சிக்கிக்கொண்டது. அங்கே காசு வைத்தவர்களில் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர் இருந்தார்கள், வியாபாரிகள் இருந்தார்கள், ஆங்கிலப் பத்திரிகை வாசிப்பவர்கள் இருந்தார்கள். 2023 ஓகஸ்டில் எம்.டி.எப்.இ. என்ற செயலி மூடிக்கொண்டபோது இலங்கையில் மட்டுமல்ல, பங்களாதேஷிலும் நைஜீரியாவிலும் மக்கள் காசை இழந்தார்கள். ஆகவே, ஏமாந்தது நமது மூளைக் குறைவால் அல்ல. எதிரில் இருப்பவனுக்கு ஏமாற்றுவதுதான் முழுநேரத் தொழில். நமக்குக் கொழுந்து எடுப்பது தொழில். கவ்வாத்து வெட்டத் தெரியாது என்று அவனைப் பார்த்து யாராவது சிரிக்கிறோமா?

எம்.டி.எப்.இ. என்றதும் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள் என்று எனக்குத் தெரியும். அது நம் லயங்களுக்கும் வந்தது. கொண்டு வந்தவர் முன்பின் தெரியாத ஆள் அல்ல. கொழும்பில் கடையில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கு ஊருக்கு வரும் மச்சான், அத்தை மகன், கூடப் படித்த சிநேகிதன். அவர்களும் நம்பித்தான் கொண்டு வந்தார்கள். போனில் ஒவ்வொரு நாளும் இலாபம் ஏறுவதைக் காட்டினார்கள். நீங்கள் இரண்டு பேரைச் சேர்த்தால் இன்னும் கூடும் என்றார்கள். மத்திய வங்கி ஆராய்ந்து, தடைசெய்யப்பட்ட பிரமிட் திட்டங்கள் என்று பெயர் வெளியிட்டவற்றில் எம்.டி.எப்.இ., ஒன்மெக்ஸ் டி.டி., ஸ்போர்ட் செயின், பாஸ்ட் த்ரீ சைக்கிள் ஆகியவை இருக்கின்றன. இந்தப் பெயர்கள் இனி வராது. வேறு பெயரில், வேறு நிறத்தில் வரும். பெயரைப் பார்க்காதீர்கள், கணக்கைப் பாருங்கள்.

ஒரு ஆள் ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐந்து பேரும் ஆளுக்கு ஐந்து சேர்த்தால் 25. அடுத்தது 125. அதற்கடுத்தது 625. இருநூறு குடும்பம் இருக்கும் ஒரு டிவிசனில் நாலாவது வரிசைக்கே ஆள் கிடைக்காது. அப்படியே நாடு முழுவதும் போனால் பத்தாவது வரிசைக்கு 97 இலட்சம் பேர் வேண்டும், பதினோராவது வரிசைக்கு 4 கோடி 88 இலட்சம் பேர் வேண்டும். இந்த நாட்டின் மொத்த சனத்தொகையே 2 கோடி 20 இலட்சத்தைத் தொடவில்லை. கைக்குழந்தையையும் சேர்த்தாலும் ஆள் போதாது. கடைசியில் சேர்ந்தவன் கட்டிய காசுதான் முதலில் சேர்ந்தவனுக்கு இலாபமாகப் போகிறது. தோட்டத்துக்கு எதுவும் கடைசியில்தான் வந்து சேரும். கரண்டும் அப்படித்தான் வந்தது, ரோடும் அப்படித்தான் வந்தது, இந்தத் திட்டங்களும் அப்படித்தான் வருகின்றன. அதனால் அந்தக் கடைசி வரிசை எப்போதும் நாமாகவே இருக்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவு இப்படிப்பட்ட திட்டத்தை ஆரம்பிப்பதையும் நடத்துவதையும் மட்டும் தடுக்கவில்லை. அதை ஊக்குவிப்பதும் விளம்பரம் செய்வதும் குற்றம். ஆகவே மச்சான் உங்களைச் சேர்த்துவிட்டு, நீங்கள் உங்கள் தங்கச்சியைச் சேர்த்துவிடும் போது, நீங்கள் ஏமாந்தவர் மட்டுமல்ல. சட்டத்தின் முன் வேறு மாதிரியும் நிற்க நேரலாம். மச்சானிடம் முகத்தை முறித்துக்கொள்ள வேண்டாம். "எனக்கு இந்த மாசம் ஏலாது, காரியாலயத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்" என்று சங்கத்தின் தலையில் பழியைப் போட்டுவிடுங்கள். அதற்கும்தானே சந்தா வாங்குகிறோம்!

இனி, இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்த முக்கியமான விசயம். இதைச் சொன்னால் பசறை டவுனில் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

போனில் வரும் திருடனைப் பற்றிப் பேசுகிறோம். நம் ஏ.டி.எம். கார்ட் எங்கே இருக்கிறது? சம்பளம் வங்கிக்குப் போகும் தோட்டங்களில் எத்தனை வீட்டுக் கார்ட் கடை லாச்சிக்குள் கிடக்கிறது? அஸ்வெசும கார்ட் எத்தனை? கார்ட்டை ஒரு கடதாசித் துண்டில் சுற்றி, அந்தத் துண்டிலேயே இரகசிய இலக்கத்தையும் எழுதி, ரப்பர் போட்டு அடுக்கி வைத்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். சம்பளம் விழுந்த அன்று கடைக்காரரோ அவருடைய ஆளோ ஒரு கட்டுக் கார்ட்டோடு போய் மெசினுக்கு முன்னால் நிற்பார். கடன் போக மீதியைக் கொடுப்பார். எவ்வளவு கடன் என்பது அவருடைய கொப்பியில், அவருடைய கையெழுத்தில் இருக்கும். தீபாவளி மாதத்தில் அந்தக் கொப்பியில் என்ன ஏறியது என்று தை பிறக்கும்வரை நமக்குத் தெரியாது.

இதை மோசடி என்று சொல்ல நம் மக்களுக்கு மனம் வராது. நியாயம் உண்டு. 2022இல் நாடே வரிசையில் நின்றபோது, அரிசியும் மாவும் கடனுக்குத் தந்தவர் அந்தக் கடைக்காரர்தான். தோட்ட நிர்வாகம் தரவில்லை, வங்கி தரவில்லை. எல்லாக் கடைக்காரரும் கள்ளர் என்று நான் எழுதினால் அது பொய். நேர்மையாகக் கணக்கு வைப்பவரும் இருக்கிறார். ஆனால் அவருடைய நேர்மையை எதை வைத்துப் பார்ப்பது? கார்ட் அவரிடம், இலக்கம் அவரிடம், கொப்பி அவரிடம். நம்மிடம் இருப்பது நம்பிக்கை மட்டும். வங்கியும் கைவிட்டுவிடும். இரகசிய இலக்கத்தை நீங்களே கொடுத்தீர்கள் என்றால் அவர்களுடைய பொறுப்பு அதோடு முடிந்துவிடுகிறது.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் "துண்டு" என்று ஒன்று இருந்தது. வயதானவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தொழிலாளி பட்ட கடனைக் கட்டினால் ஆளை விட்டுவிடுகிறோம் என்று தோட்டம் எழுதிக் கொடுக்கும் கடிதம் அது. அடுத்த தோட்டத்துக் கங்காணி அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துப் போவார். கடன் தீராது, கைதான் மாறும். கொள்ளையடித்தது யார் என்று காட்ட முடியாதபடி எல்லாம் கணக்குப் புத்தகத்தில் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது. இந்த முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். நூறு வருடம் கழித்து, கடதாசித் துண்டுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் துண்டை நாமே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். ஒப்பீடு கூடிப்போய்விட்டது என்று நினைப்பவர்கள், இரண்டு கடைக்குக் கடன்பட்ட ஒரு குடும்பத்தின் கார்ட் ஒரு கடையிலிருந்து மற்றக் கடைக்குக் கைமாறிய கதையை அந்தக் குடும்பத்திடமே கேட்டுப் பாருங்கள்.

கடனை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. தோட்டத்து நாட்சம்பளத்தில் கடனில்லாமல் தீபாவளி கொண்டாடுங்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. கடன் இருக்கட்டும், கார்ட்டை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். வங்கிக்குப் போய் இரகசிய இலக்கத்தை மாற்றுங்கள். கடையில் வாங்கும்போது அவருடைய கொப்பியில் ஏறுவதை உங்கள் கொப்பியிலும் பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். திகதி, சாமான், தொகை. சம்பளத்தன்று நீங்களே காசை எடுத்துப் போய்க் கடனைக் கட்டுங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால், ஏன் என்று யோசியுங்கள். கார்ட்டைத் திருப்பிக் கேட்கப் பயமாக இருந்தால் தனியாகப் போக வேண்டாம். தோட்டத் தலைவரையோ மாதர் சங்கத் தலைவியையோ கூட்டிக்கொண்டு போங்கள். ஐந்து வீடு சேர்ந்து ஒரே நாளில் கேட்டால் இன்னும் நல்லது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

தபாலில் பொதி வந்திருக்கிறது, சின்னத் தொகை கட்டினால் அனுப்புவோம் என்று ஒரு இணைப்போடு குறுந்தகவல் வரும். எனக்கும் வந்தது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் எதையோ அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து, விரல் அதன்மேல் போய்விட்டது. என் பேத்தி தட்டிவிட்டாள். தபால் திணைக்களம் கார்ட் விபரத்தைக் குறுந்தகவலில் கேட்பதில்லை. பெரிய கடைகளின் பெயரில் பண்டிகைப் பரிசு, இலவச டேட்டா என்று வட்ஸ்அப்பில் வருவதும் இதே சாதிதான். இருபது பேருக்கு அனுப்பு என்று கேட்டாலே அது பொய். பேஸ்புக்கில் பழகிய வெளிநாட்டுக்காரர் பரிசுப் பெட்டி அனுப்பினார், அது கஸ்டம்ஸில் நிற்கிறது, வரி கட்டு என்றால் பெட்டியும் இல்லை, ஆளும் இல்லை.

பண்டிகை நெரிசலில் பதுளைக் கடைவீதியில் கள்ள நோட்டு கைமாறும். ஐயாயிரம் ரூபா நோட்டை வாங்கும்போது கூச்சப்படாமல் வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். அதில் அச்சடித்திருக்கும் பறவையே வெள்ளைப் பகுதியிலும் நிழலாகத் தெரிய வேண்டும். வேன் கட்டிக்கொண்டு லயத்துக்கே வந்து, பழைய நகைக்கு மெருகு போட்டுத் தருகிறோம் என்று சொல்பவனிடம் தாலியைக் கழற்றிக் கொடுக்காதீர்கள். மெருகு என்ற பெயரில் தங்கத்தைத் திராவகத்தில் கரைத்து எடுத்துக்கொண்டு போவார்கள். மாதா மாதம் காசு கட்டினால் தீபாவளிக்குப் பாத்திரம், புடவை என்று சீட்டுப் பிடிக்கும் வெளியாளிடம் விலாசமும் கையெழுத்துப் போட்ட ரசீதும் கேளுங்கள். நம் அக்கா தங்கச்சிமார் லயத்துக்குள் பிடிக்கும் சீட்டு வேறு. அதில் ஆளைத் தெரியும், வீட்டைத் தெரியும்.

பண்டிகைச் செலவுக்கு முற்காசு தந்து, பெண் பிள்ளைகளை வெளிநாட்டு வேலைக்குக் கேட்டு வரும் ஏஜன்டும் இந்த மாதத்தில்தான் வருவான். விசிட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவன் சொன்னால், 2022இல் அப்படி ஓமானுக்குப் போய் அகப்பட்ட பெண்களை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அந்த ஏஜன்சிக்கு அனுமதி இருக்கிறதா என்று கேட்கலாம். ஓய்வுபெற்ற தோழர்களுக்கு ஒரு சொல்: சேமலாப நிதியை எடுத்துத் தருகிறேன், தீபாவளிக்கு முன் கிடைக்கும் என்று கமிசன் கேட்கும் தரகரிடம் போக வேண்டாம். அந்த விண்ணப்பத்தை நிரப்பித் தருவது நமது காரியாலயத்தின் வேலை. அதற்குக் காசு இல்லை.

காசு போய்விட்டால் என்ன செய்வது? முதலில் வங்கிக்கு அழைத்து அட்டையை நிறுத்த வேண்டும். குறுந்தகவலையும் வந்த இலக்கத்தையும் அழிக்க வேண்டாம். பிறகு பொலிஸ் முறைப்பாடு. தமிழில் முறைப்பாடு கொடுப்பது நமது உரிமை. எழுதிக்கொள்ள ஆள் இல்லை, நாளைக்கு வா என்றால் காரியாலயத்துக்குச் சொல்லுங்கள், நாங்கள் வருகிறோம். வங்கி, நிதிக் கம்பனி பற்றிய முறைப்பாட்டுக்கு மத்திய வங்கியின் 1935. போன், இணைய மோசடிக்கு 101. கடையில் ஏமாற்றினால் பாவனையாளர் அதிகார சபையின் 1977. இந்த நாலு இலக்கத்தையும் சுவாமிப் படத்துக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் தொழிலாளியின் தலையில் கட்டிவிட்டு, விழிப்பாக இருங்கள் என்று போஸ்டர் ஒட்டிவிட்டுப் போவதை நான் ஏற்கமாட்டேன். அந்த ஆறு இலக்கத்தை மகன் வாசித்துக் கொடுத்தது ஏன்? குறுந்தகவல் ஆங்கிலத்தில் வந்தபடியால். யாருக்கும் சொல்லாதே என்ற எச்சரிக்கையும் அதே ஆங்கிலத்தில்தான் இருந்தது. தமிழில் வந்திருந்தால் அந்த அக்காவே வாசித்திருப்பார். கார்ட் கடைக்குப் போனது ஏன்? மெசின் டவுனில் இருக்கிறது, பஸ்ஸுக்குக் காசு வேண்டும், போனால் அரைப் பேர் போய்விடும். சம்பளத்தை வங்கிக்கு மாற்றிய நிர்வாகங்கள் அதை எப்படி எடுப்பது என்று ஒரு மணித்தியாலம் சொல்லிக் கொடுத்தனவா? தமிழில் குறுந்தகவல், சம்பளம் விழுந்த கிழமையில் வங்கிக்குப் போய்வர நேரம், விளங்கும்படியான சம்பளச் சீட்டு. இந்த மூன்றையும் வங்கிகளிடமும் நிர்வாகங்களிடமும் சங்கம் எழுத்தில் கேட்க வேண்டும். இதுவரை கேட்கவில்லை. அது எங்கள் குறை, ஒத்துக்கொள்கிறேன்.

ஒக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பசறைக் காரியாலயத்துக்கு வாருங்கள். வங்கிகளுக்குப் போகும் கடிதத்தில் அன்று கையெழுத்து வாங்குகிறோம். கார்ட்டைக் கடையிலிருந்து எடுக்க விரும்புபவர்கள் பெயர் கொடுக்கலாம். இரகசிய இலக்கத்தை மட்டும் யாரிடமும் சொல்ல வேண்டாம், என்னிடமும் வேண்டாம். அந்த அக்கா வருவதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் பேசுவாரா என்று தெரியாது, கட்டாயப்படுத்தவும் மாட்டோம். அவருடைய மகன் வருகிறான். பெரியவர்களின் போனுக்கு வந்திருக்கும் குறுந்தகவல்களை வாசித்து, எது பொய் என்று சொல்லிக் கொடுக்க அவனுக்கு ஒரு மேசை போட்டு வைத்திருக்கிறோம்.